நாற்பது வேலிக்குக் கூலி யார் வாங்கியது?

சில வருஷங்களுக்கு முன்னால் நாகை மாவட்டத்தில் ஒரு கீழத்தெருவில் நந்தன் கதையை வீதி நாடகமாகப் போட்டோம். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காகப் பிரதி எழுதும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனையிலிருந்து கொஞ்சம், சேக்கிழாரிலிருந்து கொஞ்சம், மீதி எங்கள் சரக்கு. முடிவில் சாமி வராது. ஆண்டைகள் சேர்ந்து நந்தனை நெருப்பில் தள்ளுவார்கள், பறை ஓயும், விளக்கை அணைப்போம். இதைத்தான் எதிர்ப்பிரதி என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

நாற்பது வேலி நிலம் ஒரே ராத்திரியில் விளையும் காட்சியை மட்டும் கேலியாக வைத்திருந்தோம். பூதகணங்கள் முகமூடி போட்டுக்கொண்டு நாற்று நடும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாடகம் முடிந்ததும் வழக்கம்போல் உரையாடல். ஒரு வயசான அம்மா, நடவுக்குப் போகிறவர், உட்கார்ந்தபடியே கேட்டார்: "ஏன் தம்பி, நாப்பது வேலியும் சாமி ஒரே ராத்திரில வெளைய வச்சிருச்சு, சரி. அந்த நெல்லு யாரு பத்தாயத்துக்குப் போச்சு?"

"ஆண்டை பத்தாயத்துக்குத்தான் ஆயா."

"அப்ப நடவுக்கூலி, ஒழவுக்கூலி?"

பதில் இல்லை. பக்கத்திலிருந்த இன்னொரு பெண் சொன்னார், "சாமிக்கே கூலி குடுக்காம ஏச்சிப்புட்டான் பாரு." தெருவே சிரித்தது. எங்கள் தோழர் ஒருவர் எழுந்து, கடவுள் நம்பிக்கை எப்படி ஆளும் வர்க்கத்துக்குப் பயன்படுகிறது என்று பத்து நிமிஷம் பேசினார். அந்த அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, கடைசில சாமிய ஏன் எடுத்துட்டீங்க?" என்றார்.

கூலி எங்கே என்று கேட்டவரும் சாமி எங்கே என்று கேட்டவரும் ஒரே ஆள். இந்த இரண்டு கேள்விகளையும் ஒரு வாயிலிருந்து வந்தவையாக எடுத்துக்கொள்ள எங்கள் விமர்சனத்தில் இடமிருக்கவில்லை. அன்றிலிருந்து நந்தன் பிரதிகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். கடவுள் துன்பத்திலிருந்து மீட்பார் என்ற நம்பிக்கையைப் பற்றி முற்போக்கு வட்டாரத்தில் நாம் பேசுவதெல்லாம் 'உண்டா இல்லையா' என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. யாரை, எதிலிருந்து, யார் செலவில் மீட்டார் என்பதைப் பிரதிகள் மிகத் துல்லியமாகவே பதிவு செய்திருக்கின்றன. நாம்தான் படிக்கவில்லை.

சேக்கிழாரிலிருந்து தொடங்கலாம். சுந்தரர் தொண்டத்தொகையில் 'திருநாளைப்போவார்' என்று பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். நம்பியாண்டார் நம்பி ஒரே பாட்டில் ஆதனூரையும் புலையன் என்ற பிறப்பையும் தில்லையையும் சேர்க்கிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை 37 பாடல்களாக விரிக்கிறார். புலைப்பாடியின் கூரை, அதில் படர்ந்த சுரைக்கொடி, நாய்க்குட்டிகள், கோழிக்குஞ்சுகள் என்று அவர் எழுதியிருக்கும் சித்திரத்தை இன்று படித்தாலும், சும்மா சொல்லக்கூடாது, கை தேர்ந்த ஆள்தான். நந்தன் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுக்கிறார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுக்கிறார், பூசைக்குக் கோரோசனை கொடுக்கிறார். அவர் கொடுத்த தோல் உள்ளே போகிறது, அவர் வெளியே நிற்கிறார். சேக்கிழார் இதை முரணாகக் காட்டவில்லை. தொண்டாகக் காட்டுகிறார்.

திருப்புன்கூரில் வாசலில் நிற்கும் நந்தனுக்காக இறைவன் காளையை விலகச் சொல்கிறார். இந்த இடத்தில் எல்லாரும் உருகுவார்கள். நானும் சின்ன வயசில் உருகியிருக்கிறேன். ஆனால் அதே பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வருகிறாரே! பாணர், அவரும் வெளியே நிறுத்தப்பட்டவர். மதுரையில் இறைவன் அடியார்களின் கனவில் சொல்லி அவரை உள்ளே அழைத்து வரச் செய்கிறார், ஈரத்தரையில் யாழின் கட்டு அழியும் என்று பொற்பலகை இடச் சொல்கிறார். திருவாரூரில் வடக்குப் பக்கம் வேறொரு வாயிலையே அவருக்காக வகுத்துத் தருகிறார். ஆக, இந்தக் கடவுளுக்கு வாசல் திறக்கத் தெரியாமல் இல்லை. பாணனுக்குப் புது வாசல், புலையனுக்கு நகர்ந்த காளை. வித்தியாசம் கடவுளின் வல்லமையில் இல்லை. அது பிரதியின் சாதிக் கணக்கில் இருக்கிறது.

இன்னொரு ஒப்பீடும் இருக்கிறது, அது இதைவிட உறைப்பானது. அப்பரைப் பல்லவ மன்னன் ஏழு நாள் நீற்றறையில் அடைக்கிறான். சுண்ணாம்புக் காளவாய் என்று நம் ஆட்கள் சொல்வது. அது குளிர்ந்துபோகிறது. நஞ்சு கொடுக்கிறார்கள், வேலை செய்யவில்லை. யானையை ஏவுகிறார்கள், அது வலம் வந்து வணங்குகிறது. கல்லைக் கட்டிக் கடலில் போடுகிறார்கள், கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறுகிறது. நான்கு தடவையும் அப்பரின் உடல், வேளாளர் குடியில் பிறந்த உடல், ஒரு சேதமும் இல்லாமல் திரும்புகிறது. பிறகும் நெடுங்காலம் உழவாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். மாறவேண்டியிருந்தது அரசன், அவன் மாறினான்.

நந்தனுக்கும் நெருப்பு வருகிறது. ஆனால் இங்கே நெருப்பை மூட்டச் சொல்வது கொடுங்கோலன் அல்ல. இறைவனே நந்தனின் கனவிலும் தில்லைவாழ் அந்தணர் கனவிலும் வந்து சொல்கிறார். தென்வாயிலுக்கு முன்னால் தீ வளர்க்கப்படுகிறது. நந்தன் இறங்குகிறார். அந்தப் பழைய உடல் ஒழிந்து, பூணூலும் சடையும் கொண்ட முனிவர் உடலோடு எழுகிறார். கோயிலுக்குள் போகிறார், அப்புறம் அவரை யாரும் காணவில்லை. ஒரே புத்தகம், ஒரே கடவுள், இரண்டு நெருப்பு. ஒருத்தரை நெருப்பிலிருந்து மீட்டார். இன்னொருத்தரை அவருடைய உடலிலிருந்தே 'மீட்டார்'. அப்பர் கதையில் துன்பம் என்பது அரசனின் செயல். நந்தன் கதையில் துன்பம் என்பது நந்தனின் பிறப்பு. எது துன்பம் என்பதைப் பிரதி முதலிலேயே தீர்மானித்துவிட்டால் மீட்பு என்ன வடிவத்தில் வரும் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. தீட்சிதர்களைத் தீயில் இறங்கி மனிதர்களாக எழுந்து வாருங்கள் என்று இறைவன் ஏன் சொல்லவில்லை என்று ஒருத்தன் கேட்டால் அது குதர்க்கம் என்பார்கள். குதர்க்கமாகவே இருக்கட்டும்.

'நாளைப்போவார்' என்ற பெயரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சேக்கிழாரில் நந்தன் தில்லைக்குப் போகத் துடிக்கிறார், தன் பிறப்பு பொருந்தாது என்று தானே தயங்குகிறார், நாளை போவேன் நாளை போவேன் என்று நாள் கழிகிறது. அவரைத் தடுக்க வெளியே ஓர் ஆளும் இல்லை. தடை முழுக்க அவர் மனசுக்குள். சாதியின் பெரிய சாதனையே இதுதானே, காவல்காரனே இல்லாமல் காவல் நடப்பது. சேக்கிழார் அதைப் பக்தியின் பணிவு என்று எழுதிவிட்டார்.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கதாகாலட்சேபத்துக்காக நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை எழுதும்போது இந்த 'நாளை'க்கு வேறு காரணம் வந்து சேர்கிறது. வேதியர் என்ற பண்ணையார் நுழைகிறார். சேக்கிழாரில் இல்லாத ஆள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இதற்குச் சிறப்புப்பாயிரம் தர முதலில் தயங்கினார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். இலக்கணப் பிழைகளும் பெரியபுராணத்திலிருந்து கதை விலகியதும் காரணங்கள். அந்த விலகல்தான் நமக்கு முக்கியம். நரிமணத்தில் பிறந்து ஆனந்ததாண்டவபுரத்தில் மிராசுதார்களின் ஆதரவில் இருந்த பாரதிக்குக் காவிரிப் படுகையின் பண்ணை எப்படி நடக்கிறது என்று தெரியும். நந்தன் ஏன் தில்லைக்குப் போகவில்லை? லீவு கிடைக்கவில்லை. அவ்வளவுதான். பண்ணையாள் வயலை விட்டு நகர்வதற்கு ஆண்டையின் உத்தரவு வேண்டும். தத்துவச் சிக்கலாக இருந்ததைப் பாரதி வேலைச் சிக்கலாக மாற்றிவிட்டார். அவர் உத்தேசித்துச் செய்தாரா தெரியாது, ஆனால் சேக்கிழாரைவிடப் பாரதியின் பிரதி உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சேரியிலும் எதிர்ப்பு இருக்கிறது. பெரிய கிழவன் முதலானவர்கள் நந்தனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறார்கள். நமக்குக் கருப்பனும் காட்டேரியும் வீரனும் இருக்க இந்தத் தில்லை எதற்கு, ஆண்டை சும்மா விடுவானா என்பது அவர்கள் கட்சி. இந்தக் கிழவர்களை எல்லாரும் அறியாமையின் உருவமாக நடித்துக் காட்டுவார்கள், எங்கள் நாடகத்திலும் அப்படித்தான். யோசித்தால், சேரியின் சாமிகள் யாரையும் தோலை உரித்துப் போட்டுவிட்டு வா என்று கேட்டதில்லை. கிடா கேட்கும், சாராயம் கேட்கும். கொடுத்தும் காரியம் ஆகவில்லை என்றால் 'ஒனக்குக் கண்ணில்லையா' என்று வாசலில் நின்று ஏசலாம். அங்கே நம்பிக்கை என்பது கொடுக்கல் வாங்கல். சாமிக்கும் பொறுப்பு உண்டு. தில்லையில் நிற்கும் சாமியிடம் அப்படிக் கணக்குக் கேட்க முடியாது.

இப்போது அந்த நாற்பது வேலி. ஒரு வேலி 20 மா. ஒரு மா 33 சென்ட். நாற்பது வேலி என்றால் 264 ஏக்கர். இதில் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர், அதாவது போகாதே என்கிறார். நந்தன் இறைவனை நம்பிக் கதறுகிறான். விடிந்தால் நிலம் விளைந்து நிற்கிறது. வேதியர் நடுங்கிப்போய் நந்தன் காலில் விழுகிறார். காலட்சேப மேடையில் உச்சக்கட்டம் இதுதான். பிராமணப் பண்ணையார் பறையன் காலில் விழுவதைப் பிராமணப் பாகவதர்கள் மிராசுதார் வீட்டுத் திண்ணைகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பாடிக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். யாருக்கும் ஒரு குந்துமணி நெல் நஷ்டமில்லை. விழுந்து எழுந்தபின் 264 ஏக்கரும் விளைச்சலோடு அவருடையதாகவே இருக்கிறது.

அந்த அம்மா கேட்டது இதைத்தான். நான் இன்னும் ஒரு படி போகிறேன். தில்லைக்குப் போகிறேன் என்று நந்தன் கேட்டது, பக்தி மொழியில் சொல்லப்பட்டிருந்தாலும், வயலை விட்டு இறங்குவதுதான். கடவுள்மேல் வைத்த நம்பிக்கை அவனுக்கு ஆண்டையின் உத்தரவைவிடப் பெரிய உத்தரவு ஒன்றைக் கொடுத்தது. அந்தத் தைரியத்தில்தான் போய் நின்று கேட்கிறான். வேலையில்லாத வயல் என்ன ஆகும் என்ற பயம் ஆண்டைக்கு வரவேண்டிய இடம் அது. சரியாக அந்த நேரத்தில் இறைவன் பூதகணங்களை அனுப்பி வேலையை முடித்துக் கொடுக்கிறார். நம் தொழிற்சங்கத் தோழர்கள் மொழியில் இப்படி வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு பெயர் உண்டு. கருங்காலிகள். நந்தனுக்கு விடுதலை, ஆண்டைக்கு மகசூல், வேலைநிறுத்தம் நடக்கவே இல்லை. மீட்பின் சக்தி முழுக்க ஆண்டையின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

இது வெறும் உருவகம் இல்லை. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் கூலிக்காகப் போராட வேண்டியிருந்தது. 1968இல் கீழ்த்தஞ்சையில் அரைப்படி நெல் கூடக் கேட்டபோது நெல் உற்பத்தியாளர்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். தகராறு அங்கேதான் முற்றியது. டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973இல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்தது. எந்த நீற்றறையும் குளிரவில்லை.

இதற்குப் பிறகு நந்தனின் நெருப்பைப் பழைய மாதிரி படிக்க முடியாது. வெண்மணியை வைத்துக் குருதிப்புனல் எழுதிய இந்திரா பார்த்தசாரதியே பின்னால் நந்தன் கதை நாடகத்தையும் எழுதினார். அதில் தீ என்பது மேல்சாதிகள் கூடிச் செய்யும் சதி. எங்கள் வீதி நாடகம் அந்தப் பாதையில் வந்ததுதான். இதற்கெல்லாம் முன்னாலேயே அயோத்திதாசர் நந்தனைப் பௌத்த அரசனாக்கி, வேஷ பிராமணர்களின் சூழ்ச்சியால் அழிந்தவன் என்று எழுதிவிட்டார். புதுமைப்பித்தனின் 'புதிய நந்தன்' 1930களின் கதை. நெருப்பு இருந்த இடத்தில் ரயில் வருகிறது, கிழவனும் அவனைக் காப்பாற்ற ஓடும் இரண்டு இளைஞர்களும் சேர்ந்தே அடிபடுகிறார்கள், ஒருவன் சுயமரியாதைக்காரன், ஒருவன் காந்திக்காரப் பிராமணப் பையன். மூவர் ரத்தத்தையும் கலக்கவிட்டுப் புதுமைப்பித்தன் ஒதுங்கிக்கொள்கிறார். எனக்கு அந்த முடிவு திருப்தி இல்லை. ரயிலுக்குச் சாதி கிடையாது என்பது எளிதான முடிவு.

இந்தப் பிரதிகள் எல்லாம் சேர்ந்து ஒரு வேலையைச் செய்து முடித்திருக்கின்றன. புனிதத் தீயைக் கொலைத் தீ என்று பெயர் மாற்றிவிட்டன. தேவையான வேலை. தொண்ணூறுகளின் தலித் விமர்சனத்தைப் படித்துத்தான் நானே கண் திறந்தேன், அதை மறுக்கவில்லை. ஆனால் இதோடு நின்றால் நந்தனுக்கு மிஞ்சுவது பலியாள் என்ற ஒரே பாத்திரம். அவன் நம்பியது ஏமாளித்தனம். அந்தக் கீழத்தெருவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அதே பாத்திரத்தைத்தான் நாங்கள் கொடுத்தோம். மார்க்ஸ் மதத்தைப் பற்றி எழுதிய அந்தப் பத்தியில் அபின் என்ற சொல் கடைசியில்தான் வருகிறது, அதற்கு முன் மதத் துயரத்தை அவர் நிஜத் துயரத்துக்கு எதிரான கண்டனம் என்றும் சொல்லியிருக்கிறார். நம் தோழர்களில் முக்கால்வாசிப் பேர் கடைசிச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்.

நம்பிக்கையை வைத்துக்கொண்டே நந்தனை வேறு திசையில் இழுத்தவர்கள் இருக்கிறார்கள். சிதம்பரத்திலேயே சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தன் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். பள்ளிக்கூடம், விடுதி. எரிந்துபோனவன் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சோறு போட்டு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அவரை சைவத்துக்குள் கரைந்தவர் என்று தள்ளிவிடுவது சுலபம். அங்கே படித்து வெளியே வந்தவர்கள் அப்படித் தள்ளமாட்டார்கள். கோயிலின் தெற்குப் பக்கத்தில் நந்தன் நுழைந்த வாயிலைத்தான் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள் என்று இன்றும் பேச்சு இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்லிப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. வரலாற்றுச் சான்று எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்டது. நந்தனே தீயிலிருந்து பூணூலோடு எழுந்தான் என்பதற்குச் சான்று கேட்காதவர்கள், வாசலுக்கு மட்டும் சான்று கேட்கிறார்கள்.

தெற்கே வந்தால் வைகுண்டர். 1809இல் பிறந்தவர். பெற்றோர் வைத்த முடிசூடும் பெருமாள் என்ற பெயரைச் சாணார் பிள்ளைக்கு எப்படி வைக்கலாம் என்று ஆதிக்க சாதிகள் மறிக்க, முத்துக்குட்டி ஆனவர். திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறை வைத்தது. அவரும் கடவுள் மீட்பார், தர்மயுகம் வரும் என்றுதான் சொன்னார். ஆனால் காத்திருக்கும் காலத்தில் தலைப்பாகை கட்டு என்றார், அதுவும் தலைப்பாகை கட்டக்கூடாது என்று விதிக்கப்பட்டிருந்த சாதிகளிடம். பொதுக் கிணறு வெட்டினார், சேர்ந்து சாப்பிட வைத்தார். அய்யாவழிப் பதிகளில் விக்கிரகம் இருக்கும் இடத்தில் கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகையோடு போய் நின்றால் உன் முகம்தான் தெரியும். அந்த உடல் எரியவேண்டியதில்லை. நந்தனின் தில்லைக்கும் சாமித்தோப்புக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அளக்காமல், இரண்டையும் 'மதம்' என்ற ஒரே மூட்டையில் கட்டுவது என்ன பகுத்தறிவோ.

(வைகுண்டரும் பின்னால் சாமியாகி, திருவிழாவாகி, ஓட்டு வங்கியாகவும் ஆகியிருக்கிறார் என்று நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டுச் சொன்னார். இல்லை என்று சொல்லவில்லை.)

அந்தத் தெருவுக்குத் திரும்ப வருகிறேன். சாமியை ஏன் எடுத்துட்டீங்க என்ற கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லாமல், "நீங்க எப்படி முடிப்பீங்க ஆயா?" என்று கேட்டேன். சமாளிப்பாகத்தான் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சாமி வரணும். வந்து, நந்தா நீ வெளிய போவேணாம்னு சொல்லணும். நாப்பது வேலியும் நீ வெளைய வச்சதுடா, நீ எங்க போற, அவன் போவட்டும்னு சொல்லணும்." 'அவன்' என்று சொல்லும்போது கையை மேற்கே, ஊர்ப்பக்கம் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் சட்டென்று எழுந்து போய்விட்டார்கள். எழுந்தவர்கள் மறுநாள் யார் வயலுக்குப் போகவேண்டியவர்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்த முடிவை வைத்து நாடகத்தைத் திருத்தி எழுதலாம் என்று குழுவில் சொன்னேன். சாமியை மேடையில் கொண்டுவருவது நம் நிலைப்பாட்டுக்கு ஒத்துவராது என்று இரண்டு கூட்டங்களில் விவாதித்தோம். பூதகணங்களைக் கொண்டுவந்தபோது நிலைப்பாடு எங்கே போயிருந்தது என்று கேட்டேன், அது கேலி என்றார்கள். பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கம் மட்டும் எழுதவில்லை. போன தையில் அந்தப் பக்கம் போனபோது அந்த அம்மாவைப் பார்த்தேன், நடவு இயந்திரம் வந்துவிட்டதால் முன்னைப்போல் வேலை இல்லை என்றார். "பூதம் வந்துருச்சு தம்பி," என்றார், "இதுக்கும் கூலி கெடையாது."